முதலில் மானிட்டரை முடிவு செய்யுங்கள்

வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன: கேம் ஆடும் கம்ப்யூட்டருக்குப் புது மானிட்டர், புது கிராஃபிக்ஸ் கார்டு. மதுரையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதும் பழுது பார்ப்பதும் என் தொழில். என் மேசைக்கு வரும் கேபினட்டுகளைத் திறந்து பார்த்துக் கற்றதை வைத்தே பதில் எழுதுகிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீளம். அந்தக் கேள்வி பலருக்கும் பொதுவானது என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

கேள்வி: பாலிடெக்னிக் முடித்து வேலைக்குப் போகிறேன். படிக்கும்போது அப்பா வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் இது: ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 22 இன்ச் 1080பி மானிட்டர். எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) கேபினட்டோடு வந்தது, 450 வாட் என்று எழுதியிருக்கிறது. வாலரன்ட் தினமும் ஆடுவேன். சைபர்பங்க் 2077 நல்ல தரத்தில் ஆட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. 60,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆர்டிஎக்ஸ் 5060 கார்டும் ஒரு 4கே மானிட்டரும் வாங்கச் சொல்கிறான் நண்பன். வாங்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தம்பி, நண்பர் சொன்ன இரண்டுமே தனித்தனியாக நல்ல பொருள்கள்தான். ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தாது. உங்கள் 1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல் (படத்தை உருவாக்கும் புள்ளிகள்). 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம். அதாவது கார்டு ஒவ்வொரு பிரேமுக்கும் (திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும்) நான்கு மடங்கு வரைய வேண்டும். 5060 கார்டில் இருப்பது 8 ஜிபி மெமரி. சைபர்பங்க் போன்ற கேமை 4கே-யில் ஓட்டினால் அது திணறிவிடும். நீங்கள் கேமின் ரெசல்யூஷனை (பிக்சல் எண்ணிக்கையை) கீழே இறக்குவீர்கள். அப்புறம் 4கே-க்குக் கொடுத்த காசு எதற்கு?

நான் எல்லாரிடமும் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் மானிட்டரை முடிவு செய்யுங்கள், அந்த மானிட்டருக்கு ஏற்ற கார்டைப் பிறகு தேடுங்கள். கார்டு எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது திரையில் இருக்கும் பிக்சல் எண்ணிக்கையும் அது வினாடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பதும்தான். கார்டு நான்கைந்து வருடத்தில் பழசாகிவிடும். நல்ல மானிட்டர் அடுத்த கார்டுக்கும் உழைக்கும், சில சமயம் அதற்கடுத்த கார்டுக்கும் உழைக்கும். ஆனாலும் கடைக்கு வருகிறவர்கள் கார்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, கிளம்பும்போது 'அப்படியே ஒரு மானிட்டரும் போட்டுடுங்கண்ணே' என்கிறார்கள். அரை இன்ச் குழாயில் ஐந்து எச்பி மோட்டாரை மாட்டுவது போன்ற வேலை அது.

உங்களுக்கு நான் சொல்வது 27 இன்ச், 1440பி. அதில் 36.9 லட்சம் பிக்சல், 1080பி-யைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் மேல். நடுத்தரக் கார்டுகள் சுமக்கக்கூடிய பாரம்தான். திரை அளவையும் ரெசல்யூஷனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 24 இன்ச் 1080பி-யில் ஒரு இன்ச்சுக்கு 92 பிக்சல் வரும், எழுத்து ஓரளவு சுத்தமாகத் தெரியும். அதே 1080பி-யை 27 இன்ச்சில் விரித்தால் 82-க்கு இறங்கிவிடும். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்தால் எழுத்தின் ஓரம் பிசிறடிப்பது தெரியும். 27 இன்ச் 1440பி-யில் 109. படமும் கூர்மையாக இருக்கும், விண்டோஸில் எழுத்தைப் பெரிதாக்காமலே படிக்கவும் முடியும். 27 இன்ச் 1080பி மானிட்டர்கள் விலை குறைவு என்று நிறைய விற்கின்றன. என் கடையில் அவற்றை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

பேனலில் (திரையின் வகையில்) ஐபிஎஸ் எடுங்கள். விஏ பேனலில் கறுப்பு நல்ல ஆழமாக இருக்கும். ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட் பொதுவாக 1000-க்கு 1 என்றால், விஏ 3000-க்கு 1 வரை போகும். ஆனால் விலை குறைந்த விஏ மானிட்டர்களில் இருட்டான காட்சி வேகமாக நகரும்போது கறுப்பு நிறம் பின்னால் இழுபடும். வாலரன்ட் ஆடுகிறவருக்கு அது எரிச்சல். ஓஎல்இடி இரண்டிலும் சிறந்தது, ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்கு மேலே. தவிர, நாள் முழுக்க ஒரே டாஸ்க்பார் திரையில் நின்றால் அந்தத் தடம் பதிந்துவிடும் ஆபத்தும் உண்டு.

பெட்டியில் ஒட்டியிருக்கும் இரண்டு விஷயங்களை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். ஒன்று, '1 எம்எஸ்', அதாவது ஒரு மில்லி வினாடி. அதற்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் எம்பிஆர்டி என்று இருந்தால், பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டுக் கிடைத்த எண் அது. பிக்சல் நிறம் மாறும் வேகம் வேறு. இரண்டாவது, 'எச்டிஆர் 400'. வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் அழுத்தமாகக் காட்டும் வசதிதான் எச்டிஆர். பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி இல்லாத மானிட்டரும் அந்த ஸ்டிக்கரை வாங்கிவிட முடியும். அப்படிப்பட்ட மானிட்டரில் எச்டிஆரைப் போட்டால் படம் வெளிறித்தான் தெரியும்.

சரி, இனி கார்டு. 5060 வேண்டாம் என்பதற்கு 8 ஜிபி ஒரு காரணம். உங்கள் மதர்போர்டு இன்னொரு காரணம், இதைப் பலரும் கவனிப்பதில்லை. பி450 போர்டில் இருப்பது பிசிஐஇ 3.0, கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தகவல் போகும் வழி அது. கார்டு ஸ்லாட் நீளமாக இருந்தாலும் 5060 பயன்படுத்துவது அதில் எட்டு பாதைகளை மட்டும்தான். எட்டுப் பாதை 3.0 என்றால் வினாடிக்கு 8 ஜிபி அளவுக்குத்தான் தகவல் போக முடியும். கார்டின் சொந்த மெமரியோ வினாடிக்கு 448 ஜிபி வேகத்தில் ஓடுகிறது. கேமின் டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) 8 ஜிபிக்குள் அடங்கும்வரை பிரச்சினை தெரியாது. அதைத் தாண்டியதும் மீதியை ராமிலிருந்து அந்தக் குறுகலான வழியில் இழுத்துவர வேண்டும். அப்போதுதான் சராசரி 70 பிரேம் காட்டிக்கொண்டே படம் நின்று நின்று குதிக்கும். புதிய பிசிஐஇ 5.0 போர்டில் இதே கார்டு இவ்வளவு அடிபடாது.

அதனால் உங்களுக்கு ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி வகை. 2025 ஜூனில் வந்தது. பதினாறு பாதைகளையும் பயன்படுத்தும், மெமரியும் தாராளம். சைபர்பங்க்கை ரே டிரேசிங் (ஒளி விழுவதை நிஜம்போலக் கணக்கிடும் வசதி) இல்லாமல் 1440பி-யில் 60 பிரேமை ஒட்டி ஓட்டும். எஃப்எஸ்ஆர் குவாலிட்டி நிலையில் போட்டால் இன்னும் மேலே போகும். அந்த நிலையில் கார்டு உண்மையில் வரைவது 1707 x 960 பிக்சல்தான், மீதியை அது கணித்து நிரப்புகிறது. இந்தத் தலைமுறைக் கார்டில் எஃப்எஸ்ஆர் 4 அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ரே டிரேசிங்கோடுதான் ஆடுவேன் என்றால் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி இன்னும் பொருத்தம், ஆனால் விலை கூடும். ஒரு எச்சரிக்கை: இந்த இரண்டு கார்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகையில் வருகின்றன, பெயர் ஒன்றேதான். அறிமுக விலையில் இரண்டுக்கும் இடையே 50 டாலர்தான் வித்தியாசம். பில்லில் '16 ஜிபி' என்று எழுதச் சொல்லி, பெட்டியிலும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பிரேம் ஜெனரேஷன் பற்றிக் கடைக்காரர்கள் பெரிதாகப் பேசுவார்கள். இரண்டு உண்மையான பிரேமுக்கு நடுவில் கார்டு தானே ஒன்றை உருவாக்கிச் செருகுவது அது. எண்ணிக்கை ஏறும், படம் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் மவுஸை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் இடையிலான நேரம் குறையாது. சைபர்பங்க்கில் போட்டுக்கொள்ளுங்கள். வாலரன்ட்டுக்கு அதனால் எந்த உபயோகமும் இல்லை.

ரைசன் 5 3600-ஐ இப்போதைக்கு மாற்ற வேண்டாம். 1440பி-யில் பெரும் பாரம் கார்டின் மேல்தான் விழும். பிற்பாடு கேம் ஆடும்போது டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டு முழுதாக உழைக்கிறது என்று அர்த்தம். 60, 70-லேயே நின்று பிரேமும் ஏறவில்லை என்றால் பிராசசர் பின்தங்குகிறது. அப்போது பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்துவிட்டு அதே பி450 போர்டில் ரைசன் 5 5600 மாட்டிக்கொள்ளலாம். போர்டையும் ராமையும் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை, ராம் விற்கும் விலையில் இது பெரிய ஆறுதல்.

இனி எஸ்எம்பிஎஸ். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜிடிஎக்ஸ் 1650 மொத்தமே 75 வாட் கார்டு. ஸ்லாட்டிலிருந்து வரும் கரண்டே அதற்குப் போதும். 9060 எக்ஸ்டி 160 வாட், தனியாக எட்டு பின் வயர் கேட்கும். கேபினட்டோடு வரும் மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் பெரும்பாலும் அந்த வயரே இருக்காது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்று இருந்தால், 18 பெருக்கல் 12, வெறும் 216 வாட். மேலே 450 என்று எவ்வளவு பெரிதாக அச்சடித்திருந்தாலும் பிராசசருக்கும் கார்டுக்கும் கிடைக்கப்போவது அந்த 216-தான். பழைய ஹார்ட் டிஸ்க் வயரை எட்டு பின்னாக மாற்றித் தரும் கன்வெர்ட்டர் ஒன்று விற்கிறது. அதைப் போட்டு உருகிப்போன பிளக்கோடு என்னிடம் வந்த பிள்ளைகள் உண்டு. 80 பிளஸ் பிரான்ஸ் தரத்தில், ஐந்து வருடமாவது வாரண்டி உள்ள 650 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். அடுத்த கார்டுக்கும் அது உதவும்.

மூன்றும் சேர்ந்து 60,000-க்குள் அடங்காமல் போகலாம். அப்படியானால் எஸ்எம்பிஎஸ், கார்டு இரண்டையும் இப்போது வாங்கிவிட்டு மானிட்டரைச் சில மாதம் கழித்து வாங்குங்கள். 16 ஜிபியை 8 ஆக்கியோ, எஸ்எம்பிஎஸ்ஸைத் தள்ளிப்போட்டோ மிச்சம் பிடிக்க வேண்டாம். கடைக்குப் போகுமுன் கேபினட்டுக்குள் பின்பக்கத் தகட்டிலிருந்து முன்பக்க ஃபேன் வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். மூன்று ஃபேன் கார்டுகளில் பல 30 சென்டிமீட்டரைத் தொடும், பழைய கேபினட்டில் ஹார்ட் டிஸ்க் கூடு இடிக்கும். இரண்டு ஃபேன் கார்டே உங்களுக்குப் போதும். முன்னால் காற்றை இழுக்க ஒரு ஃபேன், பின்னால் வெளியே தள்ள ஒரு ஃபேன் கட்டாயம். திருநெல்வேலி மே மாதத்தில் அறைக்குள் இருக்கும் காற்றே சூடு. கண்ணாடி மூடிய முன்பக்கம் கொண்ட கேபினட்டுக்குள் அந்தச் சூடு தேங்கினால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். அரையாண்டுத் தேர்வில் நல்ல மார்க் எடுத்தால் 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வேண்டும் என்றான். சரி என்றேன். எடுத்தும் விட்டான். இப்போதிருக்கும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆடுவது வாலரன்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2. கம்ப்யூட்டரில் ஐ5-10400எஃப், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் என்று எழுதித் தந்தான். இந்த ஹெர்ட்ஸ் கணக்கில் உண்மை இருக்கிறதா, வெறும் பிடிவாதமா? கண்ணுக்குக் கெடுதலா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, பிடிவாதம் இல்லை, பையன் கேட்பதில் உண்மை இருக்கிறது. ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு வினாடியில் எத்தனை முறை புதுப் படம் காட்டுகிறது என்ற கணக்கு. 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லி வினாடி. 144 ஹெர்ட்ஸில் 6.9. எதிராளி சுவர் ஓரத்திலிருந்து எட்டிப் பார்ப்பதை அவன் கொஞ்சம் முன்னாலேயே பார்த்துவிடுவான், குறி வைக்கும்போது படம் துண்டு துண்டாக நகராது. ஒரு தடவை 144-ல் மவுஸை நகர்த்தினால் உங்களுக்கே தெரியும், கேம் ஆடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் 144-லிருந்து 240-க்குப் போனால் 6.9 என்பது 4.2 ஆகிறது, அவ்வளவுதான். முதல் பாய்ச்சலில் கிட்டத்தட்ட 10 மில்லி வினாடி மிச்சம், இரண்டாவதில் 3 கூட இல்லை. அதோடு, 240 ஹெர்ட்ஸ் திரைக்கு வினாடிக்கு 240 பிரேம் வந்தால்தான் முழுப் பயன். 1660 சூப்பர் வாலரன்ட்டில் 144-ஐச் சுலபமாகத் தாண்டும். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 அதைவிடப் பாரமான கேம், அதில் 240-ஐ நிலையாகத் தர அந்தக் கார்டால் முடியாது. ஆகவே 24 இன்ச், 1080பி, ஐபிஎஸ், 144-லிருந்து 180 ஹெர்ட்ஸுக்குள் ஒன்று வாங்குங்கள். கார்டை மாற்ற வேண்டாம். இந்தக் கணக்கை அவனிடமே காட்டுங்கள். மில்லி வினாடி புரிகிற வயதுதான், ஒத்துக்கொள்வான். மிச்சமாகும் பணத்தில் உயரமும் சாய்வும் மாற்றிக்கொள்ளும் ஸ்டாண்டு உள்ள மாடலாகப் பாருங்கள். விலை குறைந்த மானிட்டர்களின் ஸ்டாண்டு உயரம் மாறாது, பிள்ளைகள் கழுத்தைக் குனிந்துகொண்டே ஆடுகிறார்கள்.

ஹெர்ட்ஸ் கூடுவதால் கண்ணுக்குக் கெடுதல் இல்லை. சிரமம் தருவது அதிகப்படி வெளிச்சமும் இமைக்காமல் பார்ப்பதும்தான். புது மானிட்டர்கள் கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வெளிச்சத்தை ஏற்றி வைத்தே வருகின்றன. வீட்டுக்கு வந்ததும் அதைக் குறையுங்கள். கை நீட்டும் தூரத்தில் திரை இருக்கட்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் எதையாவது பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கடி தலைவலி என்றால் கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வாக்குக் கொடுத்துவிட்டீர்கள், அவனும் படித்துக் காட்டிவிட்டான். சந்தோஷமாக வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: ஆசையாக 180 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். பழையதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், காரைக்குடி

பதில்: பெரும்பாலும் ஏமாறவில்லை, விண்டோஸ் அதை 60-லேயே வைத்திருக்கிறது. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அதில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போங்கள். ரிஃப்ரெஷ் ரேட் பட்டியலில் 180-ஐத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் 180 இல்லையென்றால் வயரைப் பாருங்கள். பல மானிட்டர்களில் எச்டிஎம்ஐ வழியாக 144 வரைதான் கிடைக்கும், முழு வேகம் டிஸ்ப்ளே போர்ட்டில்தான். டிஸ்ப்ளே போர்ட் வயர் பெட்டியிலேயே இருக்கும், பலர் பிரிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வயரின் மறுமுனை கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டில் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். மதர்போர்டில் இருந்தால் நீங்கள் காசு போட்டு வாங்கிய கார்டைத் தாண்டித்தான் படம் வந்துகொண்டிருக்கிறது. கடைசியாக, மானிட்டரின் சொந்த மெனுவில் அடாப்டிவ் சிங்க் அல்லது ஃப்ரீசிங்க்கை ஆன் செய்யுங்கள். என்விடியா கார்டும் 2019-லிருந்து அத்தகைய மானிட்டர்களோடு வேலை செய்கிறது. பிரேம் ஏறி இறங்கும்போது படம் குறுக்கே கிழிவது நின்றுவிடும்.

கேள்வி: மானிட்டருக்குப் பதில் 43 இன்ச் 4கே டிவியைப் பாவிக்கலாமா? ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு வைத்திருக்கிறேன். மேசை ஆழம் குறைவு.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: மேசை ஆழம் குறைவு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இரண்டடி தூரத்தில் 43 இன்ச் திரையின் மூலைகளைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியிருக்கும். நான்கடி தள்ளி, சுவரில் மாட்ட முடியுமென்றால் செய்யலாம், கார்டும் டிஎல்எஸ்எஸ் (எஃப்எஸ்ஆர் போன்ற என்விடியா வசதி) உதவியோடு 4கே-யைச் சமாளிக்கும். வாங்குமுன் டிவியின் பேனல் உண்மையில் 120 ஹெர்ட்ஸா என்று கேளுங்கள். இந்த அளவில் பெரும்பாலானவை 60-தான். 120 இருந்தாலும் எல்லா எச்டிஎம்ஐ துளையிலும் அது கிடைக்காது, 2.1 என்று குறித்த துளையில் செருக வேண்டும். கேம் மோட் போடாவிட்டால் மவுஸ் அம்புக்குறி கைக்குப் பின்னால் இழுபட்டு வரும். எழுத்துகள் வண்ணம் கசிந்தாற்போல் தெரிந்தால், அந்த எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை டிவி மெனுவில் 'பிசி' என்று மாற்றிப் பாருங்கள். பல டிவிகளில் அதிலேயே சரியாகிவிடும்.

கேள்வி: பழைய கார்டு ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன். ஒருவர் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ தருகிறார், இன்னொருவர் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி. 1080 டிஐ விலை குறைவு, வேகமும் குறையில்லை என்கிறார்கள். எதை எடுப்பது? மைனிங் கார்டை (கிரிப்டோ நாணயம் ஈட்ட ஓட்டிய கார்டை) கண்டுபிடிப்பது எப்படி?
– வாசகர், ஓசூர்

பதில்: 3060-ஐ எடுங்கள். 1080 டிஐ 2017-ல் வந்தபோது அருமையான கார்டு, எனக்கு இன்றும் அதன் மேல் மதிப்பு உண்டு. ஆனால் அந்தத் தலைமுறைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் மென்பொருள் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது. இனி 2028 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். ரே டிரேசிங் வன்பொருளும் அதில் கிடையாது, டிஎல்எஸ்எஸ்ஸும் ஓடாது. 2025-ல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற கேம்கள் ரே டிரேசிங் வசதியுள்ள கார்டு இருந்தால்தான் ஓடும். தவிர 1080 டிஐ 250 வாட் இழுக்கும், 3060-க்கு 170 போதும்.

மைனிங்கில் ஓடியதா என்று வெளியே பார்த்து உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. 3060 வந்தது 2021 பிப்ரவரியில், எதேரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டு மைனிங்கைக் கைவிட்டது 2022 செப்டம்பரில். அதற்கு முன் வாங்கிய கார்டு என்றால் சந்தேகப்படலாம், அதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. மைனிங்கில் முதலில் தேய்வது ஃபேனும் மெமரிக்கு மேல் ஒட்டியிருக்கும் தெர்மல் பேடும். இரண்டையும் மாற்ற முடியும். நான் அதைவிடப் பயப்படுவது ஏற்கனவே ஒரு தடவை செத்து, சூடு காட்டி எழுப்பப்பட்ட கார்டுக்குத்தான். அது ஒரு வாரம் ஓடும், பிறகு திரும்பவும் போய்விடும்.

அதனால் நேரில் போங்கள், கார்டு மாட்டிய நிலையில் பாருங்கள். 'வயர் இல்லை, வீட்டில் போய்ப் பாருங்கள்' என்றால் அங்கேயே எழுந்துவிடுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் கொண்டுபோங்கள். பழைய கார்டில் பயாஸை மாற்றி எழுதிப் புது கார்டு என்று விற்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட கார்டு பலவற்றை இந்த மென்பொருள் போலி என்று காட்டிக்கொடுத்துவிடும். பாரமான கேம் ஒன்றையோ ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டையோ அரை மணி நேரம் ஓட்டுங்கள். முதல் ஐந்து நிமிடம் எல்லாக் கார்டும் நல்ல கார்டுதான், சூடேறிய பிறகுதான் குறை வெளியே வரும். திரையில் வண்ணக் கட்டங்கள், மின்னும் புள்ளிகள் தெரிந்தால் மெமரி போய்க்கொண்டிருக்கிறது. ஃபேனில் கரகரப்பு வருகிறதா என்று காதை அருகில் வைத்துக் கேளுங்கள். பின்புறத் திருகுகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். நியாயமான காரணம் இருந்தால் தயங்காமல் சொல்வார்கள். வாரண்டி மிச்சமிருந்தால் முதல் பில்லைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் பல கம்பெனிகள் பில் இல்லாமல் கார்டைத் தொடுவதில்லை.

கேள்வி: பகலில் காலண்டர், டைரி டிசைன் செய்கிறேன், இரவில் கேம். போன மாதம் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ போட்டேன், கூடவே புது 650 வாட் எஸ்எம்பிஎஸ். அதிலிருந்து கேம் ஆடும்போது கரண்ட் போனால் யுபிஎஸ் ஒரு பீப் அடித்து எல்லாமே அணைந்துவிடுகிறது. டிசைன் வேலையின்போது இப்படி ஆவதில்லை. யுபிஎஸ் 600 விஏ (வோல்ட் ஆம்பியர்). கார்டில் கோளாறா?
– வாசகர், சிவகாசி

பதில்: கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. 600 விஏ என்பது 600 வாட் இல்லை. இந்த அளவு யுபிஎஸ்களில் பெரும்பாலானவை 360 வாட்தான் தாங்கும், பின்பக்க ஸ்டிக்கரில் பாருங்கள். டிசைன் செய்யும்போது கார்டு பாதி தூக்கத்தில் இருக்கும். கேமில் கார்டு மட்டும் 180 வாட் வரை போகும், பிராசசர், மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் எல்லையை ஒட்டிவிடும். பேட்டரி இரண்டு மூன்று வருடப் பழசு என்றால் அந்த 360-ம் கிடைக்காது.

இன்னொரு காரணம் உங்கள் புது எஸ்எம்பிஎஸ். தரமான எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்று ஒரு பகுதி இருக்கும். விலை குறைந்த யுபிஎஸ், பேட்டரிக்கு மாறியதும் கரண்ட்டை அலையாகத் தராமல் படிக்கட்டாகத் தரும். இந்தப் பகுதி உள்ள சில எஸ்எம்பிஎஸ்கள் அதை ஏற்காமல் உடனே அணைந்துவிடும். பியூர் சைன் வேவ் (சுத்தமான அலையாகக் கரண்ட் தரும்) யுபிஎஸ், விஏ கணக்கில் பார்க்காமல் குறைந்தது 600 வாட் தாங்கும் என்று போட்டிருப்பதாக வாங்குங்கள். வீட்டில் சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால், அதன் பின்னால் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் சீக்கிரம் மாறும், பல கம்ப்யூட்டர்கள் அணையாமல் தாங்கிக்கொள்ளும்.

அதுவரைக்கும் என்விடியா ஆப்பிலோ ஆஃப்டர்பர்னரிலோ கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கி வையுங்கள். பிரேம் கொஞ்சம்தான் குறையும், சூடும் குறையும். டிசைன் கடை என்பதால் ஒன்று கேட்கிறேன்: லேசர் பிரிண்டரையும் அந்த யுபிஎஸ்ஸில்தான் செருகியிருக்கிறீர்களா? அது சூடேறும் நேரத்தில் தனியாகவே நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும். அதை முதலில் கழற்றி நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள்.